மின்னேற்றம் நிற்கவில்லையா? மலையக வகுப்பறைகளுக்கான நிலைமின் பிழை நீக்கும் வழிமுறை

நிலைமின்னியல் பரிசோதனைக்கு இலங்கையின் மலையகம் லேசான இடம் அல்ல. புத்தகப் படத்தில் சீப்பைத் தேய்த்ததும் கடதாசித் துண்டுகள் பாய்ந்து வந்து ஒட்டுகின்றன. தலவாக்கலையில் ஜூலை மாதம் காலை முதல் பாடவேளையில் அதே சீப்பைத் தேய்த்தால் ஒரு துண்டுகூட அசையாது. பிள்ளைகள் இரண்டு தடவை பார்ப்பார்கள், அப்புறம் "இதெல்லாம் சோதனைக்கு எழுதத்தான்" என்று முடிவுகட்டி விடுவார்கள். எனக்கு அதுதான் பொறுப்பதில்லை. மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும் விசையைப் பற்றிக் கூலோம் 1785இல் அளந்து சொன்ன விதி மூடுபனிக்குள்ளும் அப்படியேதான் இருக்கிறது. கெட்டிருப்பது நம் சீப்பின் மேற்பரப்பு. எது கெட்டிருக்கிறது என்பதை அறிகுறியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

அதற்கு முன் ஒரு பாகுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் இரண்டு தரப்பு உண்டு. ஒன்று ஏற்றத்தைத் தாங்கி நிற்கும் காவலி, அதாவது மின்னைக் கடத்தாத பொருள்: சீப்பு, பொலித்தீன், எபனைற்று (கடினமாக்கிய இறப்பர்) கோல். மற்றது அதனால் இழுபடும் பொருள்: கடதாசி, தண்ணீர்த் தாரை, அலுமினியத் தாள். ஈரம் முதல் தரப்பைக் கெடுக்கும். இரண்டாம் தரப்பை அது அவ்வளவாகக் கெடுப்பதில்லை, பல வேளைகளில் உதவியும் செய்யும். கீழே வரும் பாதிக்கு மேற்பட்ட பிழைகள் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

அறிகுறி: எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றையும் இழுக்கவில்லை

பல குறிப்புகளில், "ஈரமான வளி மின்னைக் கடத்தும், அதனால் ஏற்றம் காற்றில் கசிந்துவிடும்" என்று எழுதியிருக்கும். இது சரியல்ல. நீராவி மூலக்கூறுகள் நடுநிலையானவை, அவை ஏற்றத்தைச் சுமந்து கொண்டு ஓடுவதில்லை. கசிவு நடப்பது காவலியின் மேற்பரப்பில். ஈரப்பதன் கூடிய இடத்தில் அந்தப் பரப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. கை வியர்வையின் உப்பு அதில் கரைந்ததும் அது ஒரு கடத்தியாகிவிடும். ஏற்றம் அதன் வழியே உங்கள் விரலுக்கும், விரலிலிருந்து நிலத்துக்கும் போய்விடுகிறது.

காரணத்தைச் சரியாகப் பிடித்தால் வேலை பாதியாகக் குறையும். முழு வகுப்பறையையும் உலர்த்தத் தேவையில்லை, பரப்பை உலர்த்தினால் போதும்.

முதலில் கழுவுங்கள். சவர்க்காரம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் பல தடவை அலசுங்கள். சவர்க்காரப் படலம் மிஞ்சினால் அதுவும் ஈரத்தை இழுத்து வைக்கும். துவாயால் துடைத்து, ஹெயார் டிரையரின் சூடான காற்றை ஓரிரு நிமிடம் காட்டுங்கள். ஹெயார் டிரையர் இல்லாவிட்டால் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு, கோலையும் துணியையும் பல்பில் படாமல் அதனுள் வையுங்கள். தேய்க்கும் கம்பளித் துணியையும் உலர்த்த வேண்டும். கோலை மட்டும் உலர்த்திவிட்டு ஈரத் துணியால் தேய்ப்பவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு சின்னச் சூடு எப்படிப் போதுமாகிறது? 16 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 90 வீத சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் வளி தாங்கக்கூடிய நீராவியில் இருக்கும் பங்கு) உள்ள வளியை எடுத்துக்கொள்ளுங்கள், நுவரெலியாவில் சாதாரண நாள். அதே வளியை, நீராவி கூட்டாமலும் குறைக்காமலும், 40 பாகைக்குச் சூடாக்கினால் சாரீரப்பதன் 22 வீதம் அளவுக்கு இறங்கிவிடும். சூடான பரப்பை ஒட்டிய வளி அந்த நிலையில் இருப்பதால் நீர்ப்படலம் நிற்காது. கோல் ஆறியதும் படலம் திரும்பவும் வரும். எனவே உலர்த்தியவுடன், இளஞ்சூடு இருக்கும்போதே தேய்த்துக் காட்டுங்கள்.

அப்படியும் சரிவராவிட்டால் பொருளை மாற்றுங்கள். கண்ணாடிக் கோலும் பட்டுத் துணியும் புத்தகத்தில் அழகாக இருக்கும், ஆனால் மலைக்கு மிக மோசமான சோடி அதுதான். சாதாரணக் கண்ணாடியின் பரப்பு நீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நேரேற்றம் வேண்டுமானால் பேர்ஸ்பெக்ஸ் எடுங்கள். மறையேற்றத்துக்கு எஸ்லோன் (பீ.வி.சி.) பைப் ஒரு துண்டு போதும். மலையகத்தில் சுவெட்டர் இல்லாத வீடு இல்லை, அந்தக் கம்பளியில் தேய்த்தால் பைப் அருமையாக ஏற்றம் பெறும். ஆய்வுகூட அலுமாரியில் பல வருடம் கிடந்த எபனைற்றுக் கோல் பழுப்பாகிப் போயிருந்தால் அதை நம்ப வேண்டாம். வெளிச்சம் படப்பட அதிலுள்ள கந்தகம் ஒட்சியேறி, பரப்பில் அமிலப் படலம் உண்டாகும். மென்மையான அரத்தாளால் மேல்தோலை எடுத்து, கழுவி உலர்த்தினால் கோல் மீண்டும் வேலை செய்யும்.

சீப்பைத் தலைமுடியில் தேய்ப்பதானால் எண்ணெய் வைக்காத முடியில் தேய்க்க வேண்டும். இரண்டு பரப்பையும் ஒரே தேங்காயெண்ணெய் மூடினால், இலத்திரன் ஒரு பொருளிலிருந்து வேறொரு பொருளுக்குத் தாவ இடமே இல்லை.

காலத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மலையில் முட்டி நிற்கும். அங்கே இந்த அலகுக்கு உகந்தது ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் கதையே வேறு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வரும் காய்ந்த காற்று அங்கே வீசும். அந்தந்தப் பக்கத்தில் தேயிலைக்கு நல்ல வாசம் ஏறுவதும் அதே மாதங்களில்தான். கொழுந்துக்கு எப்போது நல்ல காலமோ அப்போது நிலைமின்னுக்கும் நல்ல காலம் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், தோட்டத்துப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அறிகுறி: அடுப்படியில் வைத்து உலர்த்தினோம், அப்படியும் ஏற்றம் நிற்கவில்லை

இது மலைவீடுகளுக்கே உரிய பிழை. லயத்து வீட்டில் காய்ந்த இடம் என்றால் அடுப்படிதான், பிள்ளைகள் அங்கேயே இருந்து தேய்த்துப் பார்ப்பார்கள். சுவாலையிலிருந்து எழும் சூடான வாயுவில் அயன்கள், அதாவது ஏற்றம் பெற்ற துணிக்கைகள் உண்டு. அவை ஏற்றம் பெற்ற பொருளை வந்தடைந்து ஏற்றத்தை நடுநிலையாக்கிவிடும். விறகு எரியும்போது நீராவியும் வெளிவருகிறது. அடுப்பின் சூட்டில் உலர்த்துங்கள், ஆனால் தேய்ப்பதையும் காட்டுவதையும் இஸ்தோப்புக்கோ வேறு காம்பராவுக்கோ கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

இதையே ஒரு பரிசோதனையாக்கலாம். மின்காட்டி என்பது ஏற்றம் பெற்றால் மெல்லிய உலோக இலை விரிந்து காட்டும் கருவி. இலை விரிந்து நிற்கும்போது அதன் தட்டுக்குப் பக்கத்தில் எரியும் மெழுகுதிரியைக் கொண்டுவந்தால், தொடாமலே இலை விழும்.

அறிகுறி: கடதாசித் துண்டு வந்து ஒட்டுகிறது, உடனே தெறித்துப் போகிறது

பிழை எதுவும் இல்லை, அருமையான பெறுபேறு கிடைத்திருக்கிறது. மறையேற்றக் கோல் பக்கத்தில் வரும்போது துண்டின் கிட்டிய பக்கத்தில் நேரேற்றமும் எட்டிய பக்கத்தில் மறையேற்றமும் தூண்டப்படுகின்றன. கிட்டிய பக்கத்தின் கவர்ச்சி வலுவானது, அதனால் துண்டு வருகிறது. தொட்டதும் கோலின் ஏற்றத்தில் ஒரு பங்கு துண்டுக்குப் போகிறது. இரண்டும் ஒரே குறி ஆனதால் தள்ளுகின்றன. துண்டு கொஞ்சம் ஈரமாக இருந்தால் ஏற்றம் அதற்குள் வேகமாகப் பரவும், தெறிப்பும் வேகமாக நடக்கும். நன்கு காய்ந்த துண்டு நெடுநேரம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

துண்டு வரவே இல்லை என்றால் பெரிதாக வெட்டியிருப்பீர்கள். ஒரு சதுர சென்ரிமீற்றர் போட்டோகொப்பித் தாளின் திணிவு 8 மில்லிகிராம் அளவு, அதைத் தூக்க ஏறத்தாழ 0.00008 நியூட்டன் வேண்டும். அதில் காற்பங்கு அளவுக்கு நறுக்குங்கள்.

இழுபடும் தரப்புக்கு ஈரம் உதவும் என்பதை நேரில் பார்க்கத் தேயிலை பெக்டரியைவிட நல்ல இடம் இல்லை. டிரையரிலிருந்து இறங்கிய தூளைச் சலிக்கும்போது காம்பையும் நாரையும் பிரித்தெடுக்கும் மெஷினில் பீ.வி.சி. உருளைகள் இருக்கும். அவை சுழலும்போது கம்பளிப் பட்டையில் உரசி ஏற்றம் பெறுகின்றன. கீழே தட்டில் அதிர்ந்து நகரும் தேயிலையிலிருந்து காம்பும் நாரும் எம்பி உருளையில் ஒட்டும், தூள் தன் வழியில் போகும். ஏன் காம்பு மட்டும்? தூளில் ஈரம் நூற்றுக்கு 3 அளவுதான், காம்பிலும் நாரிலும் சற்றுக் கூட. ஈரம் உள்ளதில் ஏற்றம் சுலபமாக நகர்வதால் தூண்டல் வலுவாக நடக்கிறது. ஆனால் உருளையின் மேல் அதே ஈரம் படிந்தால் ஒன்றும் எம்பாது. பெற்றோர் பெக்டரியில் வேலை செய்யும் பிள்ளை வகுப்பில் இருந்தால், இந்தப் பாடத்தை அந்தப் பிள்ளையிடமிருந்தே தொடங்கலாம்.

அறிகுறி: தண்ணீர்த் தாரை வளையவில்லை

தாரை தடிப்பாக இருக்கிறது. குழாயை மூடிக்கொண்டே வந்து, நூல் போல அறாமல் விழும் இடத்தில் நிறுத்துங்கள். கோலில் ஒரு துளி பட்டாலும் திரும்ப உலர்த்த வேண்டியதுதான். நீர் மூலக்கூறு முனைவுள்ளது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். குழாய்த் தண்ணீர் நிலத்தோடு தொடர்புள்ள கடத்தி. தாரையில் எதிர்க்குறி ஏற்றம் தூண்டப்படுவதே இந்த வளைவுக்கு முக்கிய காரணம்.

அறிகுறி: உலோகக் கரண்டியைத் தேய்த்தால் ஏற்றம் வரவில்லை

வருகிறது, வந்த கணத்தில் உங்கள் கை வழியே நிலத்துக்குப் போகிறது. கரண்டிப் பிடியில் எஸ்லோன் பைப் துண்டைச் செருகி, பைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தேய்த்துப் பாருங்கள்.

அறிகுறி: தொங்கவிட்ட இரண்டு பலூன்கள் ஒன்றையொன்று தள்ளவில்லை

நூலைப் பாருங்கள். பருத்தி நூல் ஈரம் குடித்தால் கடத்தும். மீன்பிடிக்கும் தங்கூசியில் தொங்கவிடுங்கள். அடுத்து உங்கள் கையைப் பாருங்கள். பலூனைத் தேய்த்த கை எதிர்க்குறி ஏற்றம் பெற்றிருக்கும், பெறாவிட்டாலும் தூண்டலால் பலூனை இழுக்கும். தேய்த்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மழைநாளில் பலூனை நம்பாமல் செலோடேப் எடுப்பது என் பழக்கம். உரித்தவுடன் கிடைப்பது புதிய பரப்பு என்பதால் நீர்ப்படலம் படிய நேரம் இருப்பதில்லை. மேசையில் ஒட்டிய இரண்டு துண்டுகளை வெடுக்கென்று உரித்துப் பக்கத்தில் பிடித்தால் அவை தள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, சோடியாக மேசையிலிருந்து உரித்து, ஒரு தடவை விரலால் தடவி, பிறகு இரண்டையும் பிரித்தால் அவை கவரும். ஏற்றம் உண்டாக்கப்படுவதில்லை, இடம் மாறுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. பிரிந்த சோடியில் ஒன்று இழந்ததைத்தான் மற்றது பெற்றிருக்கிறது. அந்த அளவு எவ்வளவு சிறியது, அதில் இலத்திரன்கள் எவ்வளவு அதிகம் என்பதையும் சொல்லுங்கள்: ஒரு கூலோமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்றாலும் அதில் ஏறத்தாழ 625 கோடி இலத்திரன்கள் இருக்கின்றன.

அறிகுறி: மின்காட்டியின் இலை விரிந்து, மெல்ல மெல்ல விழுகிறது

மின்காட்டிப் பிழைகள் பல வகை, இலை விழும் விதத்தைக் கவனித்தால் அவற்றைப் பிரித்துவிடலாம்.

மெல்ல விழுந்தால் கசிவு. கம்பி நுழையும் இடத்திலுள்ள காவலி அடைப்பைப் பாருங்கள். ஜேம் போத்தலில் செய்ததானால் அங்கே தக்கையோ கடதாசி மட்டையோ இருக்கும், இரண்டும் ஈரம் குடிப்பவை. ரிஜிபோம் (வெள்ளை பொலிஸ்ரைரீன் நுரை) துண்டோ மெழுகோ வையுங்கள். போத்தலின் உள்ளேயும் ஈரம் இருக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் விழுந்தால் கம்பியின் மேல்முனையைத் தடவிப் பாருங்கள். வெட்டிய முனை கூராக இருந்தால் அங்கே மின்புலம் செறிந்து, ஏற்றம் காற்றுக்குக் கசியும். முனையை வளையமாக மடித்துவிடுங்கள், அல்லது அலுமினியத் தாளை உருண்டையாக்கி மாட்டுங்கள்.

கோலை எடுத்ததும் சட்டென்று விழுந்தால் கருவியில் பிழை இல்லை. கோல் பக்கத்தில் இருந்தவரை ஏற்றம் தட்டுக்கும் இலைக்கும் இடையே பிரிந்து நின்றது. கோல் போனதும் பழையபடி கலந்துவிட்டது. இலை விரிந்தே நிற்க வேண்டுமானால் தூண்டல் முறையில் ஏற்ற வேண்டும், அதில் வரிசை முக்கியம். கோலைக் கிட்டக் கொண்டுவாருங்கள், தட்டை விரலால் தொடுங்கள், விரலை எடுங்கள், கடைசியாகக் கோலை எடுங்கள். கோலை முதலில் எடுத்தால், விரல் வழியே இடம் மாறிய இலத்திரன்கள் அதே வழியே திரும்பிவிடும். வகுப்பில் இந்தப் பரிசோதனை கெடும் நேரங்களில் அநேகமாக இந்த வரிசைதான் மாறியிருக்கும். சரியாகச் செய்தால் மின்காட்டி கோலுக்கு எதிரான குறியைப் பெறும்.

இலை விரியவே இல்லை என்றால் அது பாரமாக இருக்கிறது. சமையலுக்கு விற்கும் தடித்த அலுமினியத் தாள் வேண்டாம். சொக்கலட் சுற்றிய மெல்லிய தாளை எடுத்து, பின்னால் கடதாசி ஒட்டியிருந்தால் நனைத்து உரித்து, காயவைத்து, ஒடுங்கிய கீற்றாக வெட்டுங்கள்.

குறி காணும் சோதனையில் ஒரு தவறான முடிவு அடிக்கடி வருகிறது. மறையேற்றம் பெற்ற மின்காட்டியின் அருகே ஒரு பொருளைக் கொண்டுவரும்போது இலையின் விரிவு குறைந்தால், "பொருளில் நேரேற்றம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஏற்றமே இல்லாத கடத்தியைக் கொண்டுவந்தாலும், உங்கள் வெறும் கையைக் கொண்டுவந்தாலும், விரிவு குறையும். விரிவு கூடுவது மட்டுமே நிச்சயமான சான்று.

அறிகுறி: மின்தூக்கியில் பொறி வரவில்லை

மின்தூக்கி என்பது ஆள் ஏறும் லிப்ட் அல்ல, தேய்த்த காவலியின்மேல் வைத்த தட்டைத் தூண்டலால் ஏற்றும் கருவி. அலெசாந்திரோ வோல்டா 1775இல் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி மலைப் பாடசாலைக்கு ஒரு வரம் என்றே சொல்வேன். ரிஜிபோம் பலகை ஒன்று, அதன்மேல் வைக்க ஓரம் மடிந்த அலுமினியத் தட்டு ஒன்று, தட்டின் நடுவில் ஒட்டிய பிளாஸ்டிக் பிடி ஒன்று, அவ்வளவுதான். ரிஜிபோமில் நீர் சுலபமாகப் படலமாகப் படிவதில்லை. கம்பளியால் ஒரு தடவை நன்றாகத் தேய்த்துவிட்டால் தட்டைப் பல தடவை ஏற்றலாம்.

பொறி வராவிட்டால், தட்டு பலகைமேல் இருக்கும்போது அதை விரலால் தொட்டீர்களா என்று பாருங்கள். தொடாமல் தூக்கினால் தட்டில் மொத்த ஏற்றம் பூச்சியம். தொட்டு, விரலை எடுத்து, பிடியால் தூக்கி, அப்புறம் விரல் மூட்டைக் கிட்டக் கொண்டுபோனால் சடக்கென்று கேட்கும். வெளிச்சத்தில் பொறி தெரியாது, யன்னலை மூடுங்கள். ஒரு தடவை தேய்த்துவிட்டு இத்தனை பொறி எங்கிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கவரும் விசைக்கு எதிராகத் தட்டைத் தூக்க நீங்கள் செய்யும் வேலைதான் ஒவ்வொரு தடவையும் பொறியாகிறது.

அறிகுறி: வான் டி கிராப் இயந்திரம் சீறுகிறது, பொறி வரவில்லை

இந்த இயந்திரத்தில் ஓடும் பட்டி ஒன்று ஏற்றத்தை மேலேயுள்ள உலோகக் கோளத்தில் சேர்க்கிறது. சீறல் என்றால் ஏற்றம் எங்கோ ஒரு கூர்முனையில் கசிகிறது. கோளத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, ஒட்டியிருக்கும் நூல், தூசி, முடி எல்லாவற்றையும் எடுங்கள். பட்டியைக் கழற்றிக் கழுவி உலர்த்துங்கள், தாங்கும் தூணையும் துடையுங்கள்.

பொறி வருகிறது, ஆனால் கைநூலில் சொன்ன நீளம் இல்லை என்றால் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்தில் வளி உடைவதற்கு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3000 வோல்ற்று மின்புலம் தேவை. 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கோளம் அங்கே 3 இலட்சம் வோல்ற்று வரை தாங்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வளியமுக்கம் கடல்மட்டத்தினதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். வளி ஐதாக இருப்பதால் முன்னதாகவே உடைகிறது, அதே கோளம் 2 இலட்சத்து 40 ஆயிரம் வோல்ற்றுக்குக் கிட்டவே ஏற்றத்தை விடத் தொடங்கும். இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

அறிகுறி: எண்ணெயில் தூவிய ரவை மின்புலக் கோடுகளைக் காட்டவில்லை

ஆமணக்கெண்ணெயில் ரவையைத் தூவி, இரு மின்வாய்களுக்கு உயர் வோல்ற்றளவு கொடுக்கும் பரிசோதனை இது. ரவை கட்டியாகக் கிடந்தால் வெறும் சட்டியில் லேசாக வறுத்து ஆறவிடுங்கள். மணிகள் திரும்பவே இல்லை என்றால் மின்வாய்களுக்கு இடையில் தூரம் அதிகம். 3000 வோல்ற்றை 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் கொடுத்தால் புலம் மீற்றருக்கு 1 இலட்சம் வோல்ற்று. இடைவெளி 10 சென்ரிமீற்றர் ஆனால் 30 ஆயிரம்தான். ஓட்டம் மட்டுப்படுத்திய ஆய்வுகூட வழங்கியை மட்டுமே பாவியுங்கள், ஆளியை ஆசிரியர் கையில் வைத்திருங்கள்.

அறிகுறி: ஒன்றையும் தேய்க்கவில்லை, ஆனால் தலைமுடி எழுந்து நிற்கிறது

வெளியில், மலை முகட்டிலோ தேயிலை மலையிலோ நிற்கும்போது இப்படி நடந்தால், மேலே உள்ள முகிலின் மின்புலம் உங்களில் ஏற்றத்தைத் தூண்டுகிறது. மின்னல் விழக்கூடிய இடத்தில் நிற்கிறீர்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் மலையில் இடிமுழக்கம் சாதாரணம், கொழுந்தெடுப்பவர்கள் திறந்த வெளியில் நிற்கும் நேரமும் அதுவே. தனிமரத்தின் கீழ் ஒதுங்க வேண்டாம். உடனே கட்டடத்துக்குள் போங்கள், உள்ளேயும் தண்ணீர்க் குழாயையும் கம்பி இணைத்த மின்கருவிகளையும் தொடாதீர்கள். மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் விழுந்திருக்கிறது. பரிசோதனையும் வேண்டாம், இயந்திரத்தின் செருகியைக் கழற்றிவிட்டு, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகு பிள்ளைகளை வெளியே விடுங்கள்.